முகம் பாராத உதவி

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சத்திரசிகிச்சை செய்தால் பிழைப்பார், செய்யாவிட்டால் பிழையார் என்ற நிலையில் ஒருவர் இருக்கின்றார். செய்யத் தெரிந்த வைத்தியரும் இருக்கின்றார். இருவருக்கும் இடையே நிற்பது பணம் ஒன்றுதான். இத்தகைய வேளையில் பலர் ஒன்றுகூடிச் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து அந்த இடைவெளியை நிரப்புவது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளாகும். இஃது இரக்கத்தைப் பற்றிய பேச்சு மாத்திரமன்று. இரக்கம் நம்மவரிடத்தில் குறைவில்லை. அந்த இரக்கத்தை ஒழுங்குபடுத்துவது பற்றியே நாம் சிந்தித்தல் வேண்டும். ஒழுங்கில்லாத இரக்கம் சிலரை வாழ்விக்கும். பலரைக் காணாமலே கடந்து போய்விடும்.

முதலில் இக்குறையின் பெருமையை அறிந்துகொள்வோம். உலக நாடுகளின் சத்திரசிகிச்சை நிலையை ஆராய்வதற்காக லான்செட் என்னும் புகழ்பெற்ற வைத்திய சஞ்சிகை ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அக்குழு 2015ஆம் ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான, தம் சக்திக்கேற்ற செலவிலான சத்திரசிகிச்சை எட்டாத நிலையில் இருக்கின்றது என்று அவ்வறிக்கை கணக்கிட்டது. ஆண்டொன்றில் உலகெங்கும் செய்யப்படும் ஏறக்குறைய 31 கோடி சத்திரசிகிச்சைகளில், உலக மக்களுள் மூன்றிலொரு பங்கினர் வாழும் மிக வறிய நாடுகளுக்குக் கிடைப்பது நூற்றுக்கு 6 மாத்திரமே. இன்னும் 14 கோடியே 30 இலட்சம் சத்திரசிகிச்சைகள் ஆண்டுதோறும் மேலதிகமாகச் செய்யப்பட்டாலன்றி உயிரிழப்பும் அங்கவீனமும் குறையமாட்டா என்றும் அக்குழு கூறியது.

இவையெல்லாம் அபூர்வமான நோய்களுக்குரிய சிகிச்சைகள் என்று எண்ணிவிட வேண்டாம். பிரசவத்தில் தடைப்பட்ட தாய்க்கு வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தல், வயிற்றுள் ஏற்பட்ட விபரீதத்தைத் திறந்து பார்த்துச் சரிசெய்தல், தோல் கிழிந்து வெளித்தெரிய முறிந்த எலும்பைச் சீராக்குதல் ஆகிய மூன்றையும் செய்ய வல்லதா என்பதைக் கொண்டே ஒரு வைத்தியசாலையின் தகுதியை அளக்கலாம் என்று அந்த அறிஞர்கள் கூறினார்கள். மரத்தால் விழுந்தவனுக்கும் மகப்பேற்றில் தவிப்பவளுக்கும் வேண்டியவை இவை. நம் ஊர்களில் நாம் நாளும் காண்கின்ற துன்பங்களே.

அந்த அறிக்கையில் மற்றுமொரு கணக்கு உண்டு. சத்திரசிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் கொடுக்கும் கட்டணத்தினால் மாத்திரம் ஆண்டுதோறும் 3 கோடியே 30 இலட்சம் பேர் பொருளாதாரச் சீரழிவை அடைகின்றார்கள். போக்குவரத்து, உணவு முதலிய வெளிச்செலவுகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தொகை 8 கோடியே 10 இலட்சமாக உயர்கின்றது. வைத்தியசாலைக்குக் கொடுத்த பணத்தினால் கெட்டவர்களைக் காட்டிலும் வைத்தியசாலைக்குப் போய்வந்த செலவையும் தாங்கமாட்டாமல் கெட்டவர்களைச் சேர்க்கும்போது தொகை இரு மடங்குக்கும் மேலாகின்றது. அன்பர்களே, இந்தக் கணக்கைச் சற்று மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நம் நாட்டைப் பற்றிப் பேசும்போது இது நமக்கு வேண்டியதாகும்.

இனி, பலர் கூடிப் பொருள் சேர்க்கும் முறைக்கு வருவோம்.

அமெரிக்க இளைஞரான சேஸ் அடம் என்பவர் மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்ரா ரிக்கா நாட்டில் தொண்டராகப் பணி செய்துவந்தார். அங்கே அவர் பிரயாணம் செய்த பேருந்தில் ஒரு தாய் ஏறினாள். மகனின் வைத்தியக் குறிப்பைக் கையிலேந்தி, அவனுடைய சிகிச்சைக்காகப் பிரயாணிகளிடம் பணம் கேட்டாள். உலகத்தின் ஒரு கோடியில் இத்தாய் பேருந்தில் கையேந்துகின்றாள். மறு கோடியில் உதவும் மனமுடையோர் பலர் இருக்கின்றார்கள். இவ்விருவரையும் இணையத்தின் வழியாக ஏன் இணைக்கக்கூடாது என்று அந்த இளைஞர் எண்ணினார். அந்தப் பேருந்து கடந்து சென்ற ஊரின் பெயர் வாட்சி. அப்பெயரையே இட்டு 2012ஆம் ஆண்டு ஓர் அறநிலையத்தை அவர் தொடங்கினார். புதிய வியாபார நிறுவனங்களை வளர்க்கும் வை கொம்பினேட்டர் என்னும் அமெரிக்க நிறுவனம், இலாபம் கருதாத அமைப்பொன்றுக்கு முதன்முதலாக ஆதரவளித்தது 2013இல் இந்த வாட்சிக்கேயாகும்.

வாட்சி செய்தது என்ன? நேபாளம், கம்போடியா, கென்யா முதலிய நாடுகளிலே நம்பிக்கைக்குரிய வைத்திய நிலையங்களோடு தொடர்பு கொண்டது. குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும் சிகிச்சைகளைத் தெரிந்தெடுத்தது. நோயாளரின் வரலாற்றையும் சிகிச்சைக்கு ஆகும் செலவையும் இணையத்தளத்தில் வெளியிட்டது. 5 டொலர் கொடுப்பவரும் அதிலே பங்குபற்றலாம். கொடுத்த பணம் முழுவதும் சிகிச்சைக்கே சென்றது. அலுவலகச் செலவுக்கு வேண்டிய பணத்தை வேறாகத் திரட்டினார்கள். எந்த நோயாளருக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்ற கணக்கை எவரும் பார்க்கும்படி பகிரங்கமாக வைத்தார்கள்.

இவற்றுள் நாம் மெச்சத்தக்கவை மூன்று. செலவு முன்கூட்டியே அறியப்பட்டது; நோயாளரை வைத்தியரே தெரிந்தனுப்பினார்; கணக்கு ஒளிவுமறைவின்றி வைக்கப்பட்டது. இந்த மூன்றும் இல்லாத பொருட்சேகரிப்பு எவ்வளவு நல்ல நோக்கத்தோடு தொடங்கினாலும் நாளடைவில் ஐயத்துக்கும் மனக்கசப்புக்கும் இடமாகிவிடும்.

ஆயினும், இம்முறைக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதனை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

வாட்சியைப் போல வைத்தியசாலை வழியாக அன்றி, நோயாளரோ உறவினரோ தாமே இணையத்தில் வேண்டுகோள் விடுத்துப் பணம் திரட்டும் முறை அமெரிக்காவிலே பெரிதும் பரவியிருக்கின்றது. 2010இல் தொடங்கப்பெற்ற கோ பண்ட் மீ என்னும் தளம் அவற்றுள் மிகப் பெரியது. இத்தளத்தில் வெளியான வைத்திய வேண்டுகோள்களுள் 200ஐ எடுத்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோரா கென்வேர்தி, லோரன் பேர்லினர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தார்கள். 2017இல் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, கேட்ட தொகையை எட்டியவை பத்தில் ஒன்றளவே. மற்றவையெல்லாம் பாதி வழியிலே நின்றுவிட்டன. நமது காதுக்கு எட்டுவன வெற்றி பெற்ற கதைகள் மாத்திரமே. தோற்றுப்போன ஒன்பதும் செய்தியாவதில்லை.

யார் வெற்றி பெறுகின்றார்? நோய் கொடியதாக இருப்பவரா? இல்லை. மிகவும் வறியவரா? அதுவும் இல்லை. நன்றாக எழுதத் தெரிந்தவர், நல்ல படம் எடுத்துப் போடத் தெரிந்தவர், வசதியுள்ள நண்பர் பலரை உடையவர், பார்த்தவுடன் இரக்கம் உண்டாகத்தக்க முகமுடையவர் ஆகியோருக்கே அங்கு வாய்ப்பு அதிகம். உற்றார் உறவினர் எல்லாரும் ஏழைகளாயிருக்கும் ஒருவனுக்குக் கொடுப்பதற்கு யார் இருக்கின்றார்? பணம் மிகவும் தேவைப்படுகின்றவனுக்கே பணம் மிகவும் அரிதாகக் கிடைக்கும் விந்தையை என்னென்று சொல்வது!

மனித மனத்தின் இயல்பு அவ்வாறு அமைந்திருக்கின்றது. டெபொரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவென்ஸ்டீன், போல் ஸ்லோவிக் என்னும் மூவர் 2007இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு ஆபிரிக்காவில் பட்டினியால் வாடும் இலட்சக்கணக்கானோரின் புள்ளிவிபரங்களைக் காட்டி உதவி கேட்டார்கள். மற்றொரு சாராருக்கு ஒரே ஒரு சிறுமியின் படத்தையும் கதையையும் காட்டிக் கேட்டார்கள். சிறுமியைக் கண்டவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு கொடுத்தார்கள். சிறுமியையும் புள்ளிவிபரத்தையும் ஒருங்கே கண்டவர்களோ, சிறுமியை மாத்திரம் கண்டவர்களிலும் குறைவாகவே கொடுத்தார்கள். ஒரு முகத்துக்கு உருகும் நெஞ்சம் கூட்டத்தைக் கண்டவுடன் உறைந்துபோகின்றது. இது கெட்டவர்களின் குணமன்று. நம் எல்லாருடைய குணமுமாகும். ஆகையினாலேதான் உதவிக்கு ஒரு விதி வேண்டும் என்கின்றோம்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். நோயுற்ற குழந்தையின் முகம், அதன் மார்பிலே பொருத்திய குழாய்கள், தாயின் கண்ணீர் ஆகிய எல்லாம் படமாகி ஊரெல்லாம், உலகெல்லாம் சுற்றுகின்றன. குழந்தை பிழைத்துக்கொள்கின்றது, நல்லது. அது வளர்ந்து பள்ளிக்கூடம் செல்லும், பின்பு உத்தியோகம் தேடும், விவாகம் பேசப்படும். அப்பொழுதும் அந்தப் படம் எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டே இருக்கும். தன்னைக் கேளாமலே தன் நோயை உலகறியச் செய்துவிட்டார்களே என்று அந்தப் பிள்ளை கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்? பணமுள்ளவன் தன் நோயைத் தன் வைத்தியருக்கு மாத்திரம் சொல்கின்றான். ஏழை மாத்திரம் தன் நோயைச் சந்தியிலே நின்று சொல்ல வேண்டியவனாகின்றான். மானத்தை விலையாகக் கொடுத்து உயிரை வாங்கும்படி ஒருவரை நிறுத்துவது தர்மமாகுமா?

அப்படியானால் முகத்தைக் காட்டாமல் யார் கொடுப்பார் என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. அதற்கு விடை நம் வீடுகளிலேயே இருக்கின்றது.

நம் பாட்டிமார் உலையிலே அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையிலே இட்டு வைத்தார்கள். பானை நிரம்பியதும் அதனைத் தர்மத்துக்குக் கொடுத்தார்கள். வண்ணார்பண்ணையிலே 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலர் பெருமான், வீடுதோறும் சேர்த்த பிடியரிசியையும் அக்கல்வித் தொண்டுக்குத் துணையாகக் கொண்டார். அந்த ஒரு பிடி அரிசி எந்தப் பிள்ளையின் படிப்புக்குப் போகும், அந்தப் பிள்ளை கறுப்பா சிவப்பா, கெட்டிக்காரனா மந்தனா என்று எந்தத் தாயாவது கேட்டதுண்டா? துன்பம் வந்த பின் இரக்கப்பட்டுக் கொடுத்ததன்று அது; துன்பம் வருமுன்னே கடமையென்று எடுத்து வைத்தது. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியை எண்ணிப் பாருங்கள். ஆதிரை இட்ட முதற் பிச்சையோடு தொடங்கிய அந்தப் பாத்திரத்தின் முன்னே பசி ஒன்றே தகுதி. கதை சொல்லி அழவேண்டியதில்லை.

பழங்காலத்து உதாரணம் போதாது என்பீர்களாயின், இக்காலத்து உதாரணம் ஒன்று கூறுவோம். சத்திரசிகிச்சைக்கு இன்றியமையாதது இரத்தம். இலங்கையின் தேசிய இரத்த மாற்றுச் சேவை 2014ஆம் ஆண்டு தொடக்கம் தனக்கு வேண்டிய இரத்தம் முழுவதையும், கைம்மாறு கருதாது தாமாக முன்வந்து கொடுப்போரிடமிருந்தே பெறும் நிலையை அடைந்தது. இரத்ததான முகாமிலே கட்டிலில் படுத்திருக்கும் இளைஞன், தன் இரத்தம் யாருக்குப் போகும் என்று கேட்பதில்லை. சிங்களவருக்கா தமிழருக்கா முஸ்லிமுக்கா, நல்லவருக்கா கெட்டவருக்கா என்று விசாரிப்பதில்லை. பெறுபவரின் படத்தைக் காட்டு என்று தாதியிடம் கேட்பதில்லை. தேநீர் ஒன்று குடித்துவிட்டு எழுந்து போகின்றான். அந்த இரத்தம் வைத்தியர் சொல்லும் ஒழுங்கின்படி, யாருக்கு முதலில் வேண்டுமோ அவருக்குப் போய்ச் சேர்கின்றது. தம் உடம்பில் ஓடும் இரத்தத்தையே முகம் பாராது கொடுக்க வல்ல மக்கள், சட்டைப்பையிலுள்ள பணத்தை முகம் பாராது கொடுக்க மாட்டார்களா?

இதுகாறும் உலகத்தைப் பற்றிப் பேசினோம். இனி நம் நாட்டுக்கு வருவோம்.

நம் நாட்டிலே அரசாங்க வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்குப் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. இது பெரும் பாக்கியம். இந்தியாவிலே மிலாப், கெட்டோ முதலிய தளங்களின் வழியாக இலட்சக்கணக்கில் பணம் கேட்கும் குடும்பங்களின் நிலை நமக்குப் பெரும்பாலும் இல்லை. ஆயினும், நமது சேவைக்கும் சோதனை வந்ததுண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, மார்ச் மாதத்தில், பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டினால் முன்னரே குறித்திருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. இலவசம் என்பது எப்பொழுதும் கிடைக்கும் என்பதற்கு உறுதியன்று என்பதை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது.

இந்நாட்டு மக்கள் ஒன்றுகூடிச் செய்தவற்றையும் மறக்கலாகாது. 2011 ஜூலை மாதத்தில் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை, 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு நிதி திரட்டினார்கள். தெற்கின் கடைக்கோடியிலிருந்து வடக்கின் கடைக்கோடி வரை நடந்த அந்தப் பயணத்தில் பல இனத்தவரும் கூடி நடந்தார்கள். 2016இல் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நடந்து, காலி கராப்பிட்டியில் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினார்கள். அதே ஆண்டில் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு நோயறி கருவியொன்று வாங்குவதற்குப் பொதுமக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் 20 கோடி ரூபாவை எட்டியது. இவையெல்லாம் ஒரு முகத்துக்காகக் கொடுத்தவையல்ல. இனி வரப்போகும், பெயர் தெரியாத ஆயிரம் நோயாளருக்காகக் கொடுத்தவை. நடந்தவர்களும் கொடுத்தவர்களும் அந்த ஆயிரம் பேரில் ஒருவரையேனும் கண்டிருக்கமாட்டார்கள். முகம் பாராத உதவி இந்நாட்டிலே நடவாத காரியம் என்று இனி யாரும் சொல்லலாகாது.

ஆனால் நமது சங்கம் வைத்தியசாலை கட்டத்தக்க சங்கமன்று. சிறு சங்கத்துக்குத் தகுந்த வேலை எது? இங்கேதான், முன்பு மனத்தில் இருத்தச் சொன்ன கணக்கு வேண்டியதாகின்றது. மக்களைச் சீரழிப்பது கட்டணம் மாத்திரமன்று, வெளிச்செலவுமாகும். நம் நாட்டிலே கத்தி இலவசம். கத்தியிடம் போகும் வழி இலவசமன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இருதய நோயாளி ஒருவர் கொழும்பிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனைக்கு ஒரு முறை, திகதி குறிப்பதற்கு ஒரு முறை, சிகிச்சைக்கு ஒரு முறை, தையல் பார்க்க ஒரு முறை என்று எத்தனை பிரயாணம்! தனியே போக இயலாது. கூட ஒருவர் போகவேண்டும். நோயாளிக்குக் கட்டில் உண்டு. கூடப் போனவர் எங்கே படுப்பார், எங்கே உண்பார்? இருவரும் நாட்கூலி செய்பவர்களாயின் அந்நாட்களின் கூலியும் போயிற்று. வைத்தியசாலையில் அவ்வேளை இல்லாத மருந்தையோ கண்ணுக்கு வைக்கும் வில்லையையோ வெளியே வாங்கச் சொன்னால் அதற்கும் பணம் வேண்டும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, ‘இப்ப வேண்டாம் தம்பி, அடுத்த வெள்ளாமை முடியட்டும்’ என்று சொல்லித் திகதியைத் தவறவிட்ட ஐயாமார் எத்தனை பேர்! ‘எனக்கேன் மோனை இந்த வயதிலே’ என்று கண்புரையோடு காலந்தள்ளும் ஆச்சிமார் எத்தனை பேர்! அவர்கள் சிகிச்சைக்கு அஞ்சியவர்களல்லர்; பிள்ளைகளைக் கடனாளியாக்க அஞ்சியவர்கள். இவர்களுக்காக எந்த இணையத்தளத்திலும் எவரும் வேண்டுகோள் விடுப்பதில்லை. இவர்களுடைய கதையிலே கண்ணீர் வரவழைக்கும் திருப்பமும் இல்லை. பேருந்துக் காசு இல்லை என்பது ஒரு கதையாகுமா?

இந்த இடைவெளிதான் நமது சங்கத்துக்குரிய இடம். நூறு அங்கத்தவர்கள் மாதம் 200 ரூபா ஒதுக்கினால் மாதத்துக்கு 20,000 ரூபா. ஆண்டுக்கு 240,000 ரூபா. இது ஒரு தனியார் வைத்தியசாலையின் பெரிய சிகிச்சையொன்றுக்குப் போதாது. ஆனால் இலவசச் சிகிச்சையின் வாசலிலே நின்று திரும்பிவிடும் பலரை உள்ளே அனுப்புவதற்குப் போதும். ஆகவே ஒரு நோயாளர் நிதியைச் சங்கம் தொடங்க வேண்டும் என்று சபையின் முன்னே பிரேரிக்கின்றோம். அதற்குச் சில விதிகளையும் கூறுகின்றோம்.

முதலாவது, வைத்தியரின் கடிதம் வேண்டும். என்ன சிகிச்சை, எப்பொழுது செய்யவேண்டும், எவ்வளவு அவசரம் என்பதை வைத்தியரே தீர்மானிக்கட்டும். நாம் நோயை நிறுத்துப் பார்ப்பவர்களாக வேண்டாம்.

இரண்டாவது, அரசாங்கம் தருவதை முதலிற் பெற்றுக்கொடுத்தல் வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பட்ட ஜனாதிபதி நிதியம், இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று முதலியவற்றுக்கு உதவுகின்றது. முன்பு கொழும்புக்குப் போகவேண்டியிருந்த இந்த அலுவலை 2025ஆம் ஆண்டு தொடக்கம் பிரதேச செயலகங்களிலேயே செய்யக்கூடியதாக இருக்கின்றது. விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாத ஓர் ஏழைக்கு, எழுதத் தெரிந்த ஓர் இளைஞன் அரைநாள் செலவிட்டு நிரப்பிக் கொடுப்பது நமது நிதி முழுவதையும் கொடுப்பதிலும் பெரிய உதவியாகலாம். அதற்குக் காசும் வேண்டியதில்லை.

மூன்றாவது, ஒழுங்கு. அவசரம் முதல், அவசரம் சமமாயின் விண்ணப்பித்த திகதி முதல். இந்த விதி சொல்வதற்கு எளிது; காப்பதற்கு அரிது. நாலு வயதுக் குழந்தையும் குடித்துத் திரிந்து காலை முறித்துக்கொண்ட நடுவயதுக் கூலியாளும் ஒரே வாரத்தில் வருவார்கள். குழந்தையின் சிகிச்சை அடுத்த மாதம் செய்யலாம், கூலியாளின் கால் உடனே பார்க்காவிட்டால் அழுகிவிடும் என்று வைத்தியர் சொல்லுவார். அப்பொழுது சபையிலே என்ன பேச்சு எழும் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். ‘அவன் தேடிக்கொண்டது’ என்பார்கள். அந்த வேளையிலே விதியைக் காப்பதே தர்மம். வைத்தியர் கத்தியை எடுக்கும்போது நோயாளியின் நடத்தைப் பத்திரத்தைக் கேட்பதில்லை. காசு கொடுக்கும் நமக்கு மாத்திரம் அந்த உரிமை எங்கிருந்து வந்தது? அவனுக்கும் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

நான்காவது, பெயரும் படமும் வெளியே வரலாகாது. நிதிக்குழுவினர் மூவருக்கு மாத்திரம் பெயர் தெரியட்டும். கணக்கிலே இலக்கம் மாத்திரம் இருக்கட்டும். காசோலையை நீட்டிக்கொண்டு நோயாளியின் பக்கத்தில் நின்று படமெடுக்கும் வழக்கம் நமது சங்கத்திலே நுழையவே வேண்டாம். இந்த மலரிலும் அத்தகைய படம் அச்சிடப்படலாகாது.

ஐந்தாவது, கணக்கு. வரவும் செலவும் மாதந்தோறும் அறிவித்தற் பலகையிலே தொங்கவேண்டும். தபாற் செலவு, கடதாசிச் செலவு முதலியவற்றை நோயாளர் நிதியில் தொடாமல் வேறாகச் சேர்க்கவேண்டும். வாட்சியிடம் நாம் கற்றுக்கொள்ளத்தக்க பாடம் இது. ஒரு ரூபா கொடுத்தவன் அந்த ஒரு ரூபாவும் நோயாளியிடம் போய்ச் சேர்ந்தது என்று அறிந்தால் அடுத்த மாதமும் கொடுப்பான்.

ஆறாவது, நம்மால் இயலாததை முதல் நாளிலேயே இயலாது என்று சொல்லிவிட வேண்டும். கோடிக்கணக்கில் செலவாகும் சிகிச்சைக்கு நமது நிதி ஒரு துளி. பொய்யான நம்பிக்கை கொடுத்து ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் அலையவைப்பது உதவியன்று. இயலாததைச் சொல்லிவிட்டு, இயன்ற கடிதத்தை எழுதிக் கொடுத்து, போகவேண்டிய இடத்துக்கு வழிகாட்டி அனுப்புவோம்.

இதெல்லாம் அரசாங்கத்தின் கடமையல்லவா, நாம் ஏன் சுமக்கவேண்டும் என்று ஒரு கேள்வி எழும். உண்மையே, அரசாங்கத்தின் கடமைதான். நாம் கொடுத்துக்கொண்டே இருந்தால் அரசாங்கத்தின் குறை மறைந்துபோகும் என்ற அச்சமும் நியாயமானதே. அதற்காகவே ஏழாவது விதியொன்றையும் சேர்க்கின்றோம். எந்த மருந்து இல்லாமையால் வெளியே வாங்க நேர்ந்தது, எந்தச் சிகிச்சை அருகில் இல்லாமையால் எவ்வளவு தூரம் போக நேர்ந்தது என்பவற்றைக் குறித்துவைத்து, ஆண்டு முடிவிலே ஒரு பட்டியலாகச் சுகாதாரப் பகுதி அதிகாரிகளுக்கு அனுப்பவேண்டும். பெயர் வேண்டாம்; எண்ணிக்கை போதும். தர்மம் செய்வோர் வாய் திறவாமல் இருக்கவேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. ஆனால் அரசாங்கம் திருந்தும் வரை அந்த ஆச்சியின் கண் காத்திருக்காது. இரண்டையும் ஒருங்கே செய்வோம்.

பெரியோர்களே, உங்களிடம் நாம் வேண்டுவது பணம் மாத்திரமன்று. நிதிக்குழுவிலே அமர்ந்து, சலுகை கேட்டு வருவோரிடம் இல்லை என்று சொல்லும் துணிவு உங்கள் நரைத்த தலைகளுக்கே உண்டு. உறவினன், அயலவன், கட்சிக்காரன் என்று வரிசையைத் தாண்டி வருவோரை இளைஞர்களால் தடுக்க முடியாது; உங்களால் முடியும்.

இளைஞர்களே, உங்களிடம் கால்களும் நேரமும் உண்டு. விடியற்காலை மூன்று மணிப் பேருந்துக்கு ஒரு முதியவரைக் கூட்டிச் சென்று ஏற்றிவிடுங்கள். நோயாளியோடு ஓர் இரவு வைத்தியசாலை வாங்கிலே விழித்திருங்கள். சிங்களம் தெரிந்தவர் கொழும்பு வைத்தியசாலையிலே மொழி தெரியாது தவிக்கும் தாய்க்குத் துணையாகச் செல்லுங்கள். கணக்குத் தெரிந்தவர் கணக்கு எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இரத்ததான முகாமொன்றைச் சங்க மண்டபத்திலே நடத்துங்கள். இவையெல்லாம் பத்திரிகையிலே வராத வேலைகள். வராமலிருப்பதே இவற்றுக்குச் சிறப்பு.

பிறர் துன்பத்தைக் கண்டு கண்ணீர் விடுவது நல்ல மனத்தின் அடையாளம். அந்தக் கண்ணீர் வருமுன்னே ஒரு பிடியை எடுத்து வைத்திருப்பது நல்ல சமூகத்தின் அடையாளம். சபையோர் இந்தப் பிரேரணையை ஆராய்ந்து, வேண்டிய திருத்தங்களோடு ஏற்று, வரும் மாதத்திலேயே நிதிக்குழுவைத் தெரிந்தெடுக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கின்றோம்.